குளிர் எங்கே போயிற்று?

வளைகுடா நாடுகளில் உழைக்கும் பிள்ளைகளைப் பற்றி நம் இல்லங்களில் வழக்கமாகப் பேசப்படுவன சில உண்டு. சம்பளம் எவ்வளவு, விடுப்பு எப்போது, பெட்டியில் எத்தனை கிலோ, வருகின்ற பெருநாளுக்கு ஊரில் இருப்பானா என்பன அவை. அந்தப் பிள்ளை காலை முதல் இரவு வரை செய்யும் தொழிலின் உள்ளீடு யாது என்று கேட்பார் அருமை. "கார் ஏ.சி. வேலை பார்க்கிறான்" என்று உம்மா சொல்வார். "நல்லதுதான், குளுகுளுவென்ற வேலை" என்று கேட்டவர் மறுமொழி கூறுவார். பேச்சு அத்துடன் வேறு பக்கம் திரும்பிவிடும்.

குளுகுளுவென்ற வேலை! பிறருக்குக் குளிர் தரும் அந்தத் தொழிலைச் செய்பவன், ஆகஸ்ட் மாதத்து நண்பகலில், நாற்பத்து நான்கு பாகை வெப்பத்தில், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் மேல் குனிந்து நிற்பவன் என்பதை யார் அறிவார்? 1993 முதல் 2019 வரை இருபத்தாறு ஆண்டுகள் ஷார்ஜாவில், எண்ணிட்டு அழைக்கப்படும் தொழிற்பகுதிகளுள் ஒன்றில், நாம் இத்தொழிலைச் செய்தோம். இதில் கைத்திறன் பாதி. மீதிப் பாதி, வந்து நிற்கும் வாகனத்தின் குறை யாதென்று அறிந்து சொல்வது. அந்த இரண்டாம் பாதியில்தான் ஒருவனுடைய சம்பாத்தியம் எத்தகையது என்பதும் அடங்கியிருக்கிறது. அதனை விளக்கவே ஒரு பழைய பந்தய வகைக் காரின் கதையை இங்கு எழுதுகிறோம்.

முதலில் குளிர்சாதனம் என்பது என்ன செய்கிறது என்பதைச் சற்றே பார்த்துவிடுவோம். திருமண வீட்டு வாயிலில் பன்னீர்ச் செம்பால் தெளிக்கிறார்களே, அப்போது புறங்கையில் சில்லென்று இருக்கிறதன்றோ? பன்னீர் நம் வீட்டுக் கூடத்தைவிடக் குளிர்ந்த பொருளன்று. அது ஆவியாகும்போது கையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது; அவ்வளவே. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசிந்த நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கார் குளிர்சாதனமும் மண்பானையின் பேரப்பிள்ளையே. வேறுபாடு ஒன்றுதான்: பானையில் ஆவியான நீர் திரும்பி வருவதில்லை, காரில் ஆவியானதை மீண்டும் பிடித்து, நசுக்கி, நீர்மமாக்கி, திரும்ப வேலைக்கு அனுப்புகிறார்கள்.

நசுக்குவது கம்ப்ரஸர். நசுக்கப்பட்டுச் சூடேறிய வாயுவின் வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு அதனை நீர்மமாக்குவது, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸர். அந்த நீர்மம் ஒரு குறுகிய வாயில் வழியாகப் பீறிட்டு விரிந்து ஆவியாகும் இடம், முகப்புப் பலகைக்குள் மறைந்திருக்கும் கூலிங் காயில். அதன் மேல் மின்விசிறி ஊதும் காற்றே நம் முகத்தில் குளிர்ந்து படுகிறது. ஆகவே இந்த இயந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தைச் சுமந்துபோய் வெளியில் கொட்டுகிறது. இதனை உணர்ந்தவனுக்குக் கேள்வி "குளிர் ஏன் வரவில்லை" என்று எழாது. "வெப்பம் ஏன் போகவில்லை? அல்லது, போன வெப்பம் வேறு வழியாகத் திரும்பி வருகிறதா?" என்றே எழும். நாம் சொல்லப்போகும் கதை முழுவதும் இந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது.

2017 ஆகஸ்டில் எங்கள் பட்டறைக்கு ஒரு போர்ஷே 928 வந்தது. 1988ஆம் ஆண்டின் எஸ்4 வகை. 1977இல் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமாகி 1995 வரை உற்பத்தியான இந்த 928, 1978இல் ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. குடும்பக் கார்களே வழக்கமாகப் பெறும் அவ்விருதைப் பந்தய வகைக் கார் ஒன்று பெற்றது அரிய நிகழ்ச்சி. போர்ஷே என்றால் என்ஜின் பின்புறம், காற்றாலே குளிர்வது என்றுதான் பலரும் எண்ணுவர். இதில் எட்டு சிலிண்டர் என்ஜின் முன்புறம், நீரால் குளிர்வது, கியர்ப் பெட்டி மட்டும் பின்னச்சில். பின்புறமெங்கும் வளைந்த பெருங்கண்ணாடி. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் பாலைவெயிலில் நிற்கும் கண்ணாடி வீட்டிற்குள் அமர்ந்திருப்பவரின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்! தாழ்ந்த கூரை, சாய்ந்த கண்ணாடி, கால்மாட்டில் பெரிய என்ஜினின் அனல். இத்தகைய வாகனத்தில் குளிர்சாதனம் ஆடம்பரமன்று. அதுவின்றி உட்காரவே இயலாது.

உரிமையாளர் எகிப்து நாட்டவர். அல்-ஐனில் நெடுங்காலம் கட்டுமானப் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் நாட்டு வழக்கப்படி நாம் அவரை "பாஷ்முஹந்திஸ்" என்று அழைத்தோம். அவர் நம்மை "உஸ்தாத்" என்றார். 1991இல் பழைய காராக வாங்கியதாம். இருபத்தாறு ஆண்டுகளாக அவரும் அவர் மனைவியாரும் அதிலேதான் பயணம். அந்த ஆண்டுக் கோடையில் அல்-ஐன் சாலையில் அம்மையார் வெப்பம் தாளாமல் மயங்கிவிட்டார். அதன்பின் அவர் அந்தக் காரில் ஏறவில்லை. இரண்டு பட்டறைகள் பார்த்துவிட்டன. இரண்டாம் பட்டறை, கம்ப்ரஸர் போய்விட்டது, கண்டென்ஸரையும் சேர்த்து மாற்றவேண்டும், ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஓய்வுபெற்றவருக்கு அது சிறு தொகையன்று. "நீங்களும் இதையே சொன்னால் விற்றுவிடுவேன். இந்த நிலையில் இதை உதிரிபாகத்துக்காகத்தான் வாங்குவார்கள்" என்றார். சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

எம் தமக்கை மகன் அப்போது நமக்கு உதவியாளனாயிருந்தான். ஐ.டி.ஐ. படிப்பு முடித்து வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. அவன் உடனே கேஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அதைக் கீழே வை, தம்பி. முதலில் இவரிடம் கேட்போம்" என்றோம்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். புதிய காரில் குறையறியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றினால் பணம் மட்டுமே விரயம். பழைய காரிலோ திறப்பதே ஒரு சேதம். முப்பதாண்டு வெயில் குடித்த பிளாஸ்டிக் கைபட்டால் உடைகிறது. கழற்றிய ரப்பர் திரும்பப் பொருந்துவதில்லை. துருவேறிய இணைப்பைத் திருகினால் குழாயே முறுக்கிக்கொண்டு வருகிறது. முகப்புப் பலகையைக் கழற்றிய 928 பழையபடி ஓசையின்றித் திரும்பக் கூடியதை நாம் கண்டதில்லை. ஆதலின் ஸ்பானருக்கு முன் நாக்கு வேலை செய்யவேண்டும். ஹக்கீம் நாடியைப் பிடிக்குமுன் "எப்போதிருந்து?" என்று கேட்பதில்லையா?

எப்போது தொடங்கியது என்று வினவினோம். சென்ற கோடையில் சிறிதாகத் தொடங்கியதென்றார். எப்போதுமே குளிர்வதில்லையா, சில வேளை குளிர்கிறதா? "காலையில் வண்டியை எடுத்ததும் நன்றாக வரும். பத்து நிமிடம் போனால் மெல்ல மெல்லப் போய்விடும்." நிற்கும்போது போகிறதா, ஓடும்போது போகிறதா? இரண்டிலும். நடுவில் உள்ள காற்றுவாயில் காற்று வேகமாக வருகிறதா? சற்று யோசித்துவிட்டு, "இப்போது கேட்டதும்தான் நினைவு வருகிறது, முன்புபோல் வருவதில்லை, கண்ணாடிப் பக்கம்தான் போகிறது" என்றார். முதற் பட்டறை என்ன செய்தது? கேஸ் அடித்தது. எத்தனை முறை? மூன்று முறை.

இந்தக் 'கேஸ் அடிப்பது' பற்றி வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெட்ரோல் எரிந்து தீர்வதைப்போல இந்த வாயு தீர்வதில்லை. அது மூடிய வட்டத்திற்குள் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதாகும். குறையாமலிருக்கும்போதே நிரப்புவதோ அதனினும் கேடு. குறைந்ததா என்று அறிவது எப்படி? வண்டியை நிறுத்திவிட்டு அழுத்தத்தைப் பார்த்து, "அழுத்தம் இருக்கிறது, கேஸ் போதும்" என்பவரும் உண்டு. அதுவும் சரியன்று. நம் அடுக்களையில் உள்ள சமையல் எரிவாயு உருளையை நினைத்துப் பாருங்கள். உருளை நிறைந்திருந்தாலும், கால்பங்கே இருந்தாலும், அடுப்பின் சுடர் ஒன்றுபோலத்தானே எரிகிறது? உள்ளே ஒரு கையளவு நீர்மம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே, அளவு அன்று. அதனால்தான் எவ்வளவு மீதம் என்று அறிய நம் பெண்கள் உருளையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கார் வாயுவும் அவ்வாறே. நாற்பது பாகையில் நிற்கும் காரில் ஆர்-134ஏ என்னும் வாயு கேஜில் ஏறத்தாழ 130 பி.எஸ்.ஐ. காட்டும், அரைப்பங்கு இருந்தாலும் அதே 130. ஆகவே முழுவதையும் வெளியே எடுத்து எடை பார்த்தாலன்றி அளவு தெரியாது. மளிகைக் கடையில் தராசு இருப்பதுபோல இத்தொழிலிலும் தராசு உண்டு. பயன்படுத்துவோர்தாம் குறைவு.

இங்கே ஒரு சிறு விலகல். 1988இல் இந்தக் கார் பிறந்தபோது அதனுள் இருந்தது ஆர்-12. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளிர்பதனப் பெட்டிகளுக்காக ஆக்கித் தந்த வாயு இனத்தைச் சேர்ந்தது அது. நஞ்சில்லை, தீப்பிடிப்பதில்லை என்று உலகமே போற்றியது. அது விண்ணில் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மோலினா, ரோலண்ட் என்னும் இருவர் எழுதினர். 1985இல் தென்துருவத்திற்கு மேலே ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்படி வளர்ந்த நாடுகள் 1996இலும் ஏனைய நாடுகள் 2010இலும் அவ்வாயுவின் உற்பத்தியை நிறுத்தின. அதனிடத்தில் வந்தது ஆர்-134ஏ. இது ஓசோனை அரிப்பதில்லை. ஆனால் புவி வெப்பத்தைக் கூட்டுவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. ஆகவே இதையும் காற்றில் திறந்துவிடலாகாது. பழைய வாயுவோடு ஓடிய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. மாற்றும்போது எண்ணெயையும் மாற்றவேண்டும். வாயுவின் எடையும் பழைய அளவில் எண்பது முதல் தொண்ணூறு விழுக்காடுதான் இருக்கவேண்டும். பழைய அளவையே நிரப்பினால் மிகையாகிவிடும். பாஷ்முஹந்திஸின் கார் பல ஆண்டுகளுக்கு முன்பே முறையாக மாற்றப்பட்டிருந்தது. எவ்வளவு வாயு, என்ன எண்ணெய் என்று ஒரு சீட்டும் என்ஜின் மூடியின் உட்புறம் ஒட்டப்பட்டிருந்தது. செய்தவர் யாரோ, ஒழுங்கானவர்.

கேஜை மாட்டினோம். இந்தக் கருவிக்கு இரண்டு கடிகாரமுகங்கள்: நீலம் தாழ்ந்த அழுத்தப் பக்கத்துக்கு, சிவப்பு உயர்ந்த அழுத்தப் பக்கத்துக்கு. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் வாயு குறைவு. நீலம் ஏறிச் சிவப்பு இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் நசுக்கவில்லை. நீலம் மிகத் தாழ்ந்து, வெற்றிடத்தை நோக்கிப் போனால் வழியில் அடைப்பு. இரண்டும் ஏறியிருந்தால் வாயு மிகை, அல்லது கண்டென்ஸருக்குக் காற்றுப் போதவில்லை. நம் முன் நின்ற காரில் நீலம் 55, சிவப்பு 350. இரண்டும் ஏறியிருந்தன.

"கம்ப்ரஸர் செத்துவிட்டதென்றால் சிவப்பு முள் இவ்வளவு உயருமா, மாமா?" என்று தம்பி கேட்டான். உயராது. அந்த ஒரு பார்வையிலேயே ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹம் சீட்டு பொய்த்துப்போயிற்று. எழுதிய பட்டறை கேஜை மாட்டிப் பார்க்கவேயில்லை. அல்லது பார்த்தும் எழுதியது. இரண்டில் எது மோசம் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இந்த எஸ்4 வகையில் ரேடியேட்டருக்கு முன்னால் திறந்து மூடும் தகடுகளும் இரண்டு மின்விசிறிகளும் உண்டு. தகடுகள் மூடியபடி சிக்கிக்கொண்டால் கண்டென்ஸர் மூச்சுத் திணறும். பார்த்தோம், தகடுகள் திறந்திருந்தன, விசிறிகள் சுழன்றன. பின்னர் வாயு முழுவதையும் கருவியால் உறிஞ்சித் தராசில் எடை பார்த்தோம். சீட்டில் இருந்த அளவைவிட முந்நூறு கிராம் மிகுதி! மூன்று முறை அடித்த கேஸ் அத்தனையும் உள்ளேயே இருந்தது. அதாவது கசிவே இருந்ததில்லை. குறைவே இல்லாத இடத்தில் மூன்று முறை நிரப்பிக் காசு வாங்கியிருக்கிறார்கள். நோய் ஒன்றிருக்க, மருந்து இரண்டாவது நோயாகியிருந்தது.

சரியான எடையில் வாயுவை ஏற்றினோம். நீலம் 36, சிவப்பு 265. அன்றைய வெயிலுக்கு இது நல்ல அளவு. கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரும் குழாயைத் தொட்டால் விரல் மரத்தது. குழாயின் மேல் வியர்வைபோல நீர் முத்துக் கோத்தது. ஆனால் காற்றுவாயில் வைத்த வெப்பமானி? என்ஜின் சூடேறச் சூடேற 14, 18, 22 என்று உயர்ந்து 26இல் நின்றது. குளிர் உண்டு. ஆனால் உள்ளே அமர்ந்திருப்பவரிடம் அது வந்து சேரவில்லை.

இவ்விடத்தில்தான் பலரும் முகப்புப் பலகையைக் கழற்றத் தொடங்குவர். நாம் தம்பியிடம், "பாஷ்முஹந்திஸ் முதலில் என்ன சொன்னார்?" என்று கேட்டோம். "எடுத்ததும் குளிரும், பத்து நிமிடத்தில் போய்விடும் என்றார்." "அந்தப் பத்து நிமிடத்தில் காரில் வேறு என்ன மாறுகிறது?" அவன் நெடுநேரம் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "ரேடியேட்டர் தண்ணீர் சூடாகிறது."

ஆம். குளிர்நாட்டில் பிறந்த எந்தக் காருக்கும் ஒரு ஹீட்டர் உண்டு. என்ஜினின் கொதிநீர் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியே ஓடும். கூலிங் காயிலைக் கடந்த காற்று அடுத்து அதனையும் கடந்தே உள்ளே வரும். நமக்கு ஹீட்டர் வேண்டாதபோது அந்நீரை ஒரு வால்வு தடுத்து நிறுத்துகிறது. இந்தக் காரில் அந்த வால்வை மூடுவது மின்சாரமன்று. என்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம். மெல்லிய ரப்பர்க் குழாய்கள் வழியே அந்த உறிஞ்சுவிசை போய் வால்வை இழுத்துப் பிடித்திருக்கும். விசை போனால் வால்வு திறந்துகொள்ளும். பனிநாட்டவருக்கு இது நன்மையே. பழுதானாலும் ஹீட்டர் வேலை செய்யும். பாலைநாட்டிலோ தொண்ணூறு பாகை நீர் குளிர்ந்த காற்றை எதிர்கொண்டு கெடுத்துவிடும். நடுக் காற்றுவாயைத் திறப்பதும், வெளிக்காற்றை அடைத்து உட்காற்றையே சுழலவிடுவதும் அதே விசைதான். நடுவாயில் காற்றில்லை என்று பெரியவர் சொன்னதும் இதனோடு பொருந்திற்று.

சோதிக்க ஒரு திருகும் கழற்றவேண்டியிருக்கவில்லை. ஹீட்டருக்குப் போகும் நீர்க்குழாயை இடுக்கிக் கவ்வியால் மெல்ல நெருக்கினான் தம்பி. வெப்பமானி 26இலிருந்து இறங்கலாயிற்று. 20. 16. ஆறேழு நிமிடத்தில் 12. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த பாஷ்முஹந்திஸை உள்ளே வரச்சொல்லி வெப்பமானியைக் காட்டினோம். அவர் அதைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் காற்றுவாயின் முன் வைத்துக்கொண்டு கண்ணை மூடி அமர்ந்திருந்தார்.

எஞ்சியது தேடுவது மட்டுமே. கைப்பம்பால் ஒவ்வொரு கிளையிலும் உறிஞ்சிப் பிடித்துப் பார்த்தோம். வால்வு நன்றாகப் பிடித்தது. அதற்கு வரும் குழாய் பிடிக்கவில்லை. என்ஜினுக்குப் பின்னால், அனல் படும் வளைவில், கருகி வெடித்திருந்தது. நீளம் ஒரு சாண் இராது. வெளிக்காற்றை அடைக்கும் கதவின் ரப்பர்ச் சவ்வும் கிழிந்திருந்தது. அதனை எட்டத்தான் ஒருநாள் முழுதும் ஆயிற்று. எலும்பில்லாத கை வேண்டும் அந்த இடத்துக்கு. குறை வாகனம் செய்தவருடையதன்று. ரப்பர் முப்பதாண்டு வாழ்ந்ததே பெரிது. எல்லாம் முடிந்தபின் நடுவாயில் 8 பாகை.

ஆனால் வேலை முடியுமுன் இன்னொன்று நடந்தது. அதனைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.

எங்கள் பட்டறையின் மேற்பார்வையாளர், அந்தப் பழைய மதிப்பீட்டுச் சீட்டைப் பார்த்திருந்தார். "அவன் ஆறாயிரத்து ஐந்நூறு என்கிறான்; நாம் ஐயாயிரத்து எண்ணூறு போடுவோம். பெரியவர் மகிழ்ந்து கொடுப்பார்" என்றார். பாகங்கள் விற்பனையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. குழாயை மாற்றிவிட்டு, பழைய கம்ப்ரஸரையே துடைத்து வண்ணம் பூசி வைத்துவிடுவது, யாருக்குத் தெரியும்? வேலைச் சீட்டு எழுதுவது தம்பியின் பொறுப்பு. நாம் வெளியே போயிருந்த வேளையில் அவனை அழைத்து, "கம்ப்ரஸர் மாற்றம்" என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அவன் தயங்கவே, விசா புதுப்பிக்கும் நாள் அடுத்த மாதம் வருகிறது என்பதை நினைவூட்டியிருக்கிறார்.

இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. ஊரில் வாப்பா இல்லை. தங்கைக்குத் திருமணம் பேசி நாள் குறித்திருந்தது. அவன் வாரந்தோறும் உம்மாவோடு பேசுகையில் உம்மா கடைசியாகச் சொல்லும் சொல், "ஹலாலா சம்பாதி வாப்பா" என்பதுதான். அறைத்தோழர்கள் அதைக் கேட்டுக் கேட்டுக் கேலி செய்வதும் உண்டு. வெளியில் நிற்பவர் காரின் சாவியை நம் கையில் தந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். சாவி அமானிதம். மூடிக்குள் நாம் என்ன செய்தோம் என்று அவரால் ஒருநாளும் பார்க்க இயலாது. கடையில் எடை குறைப்பவனையாவது, வீட்டுக்குப் போய் நிறுத்துப் பார்த்துப் பிடித்துவிடலாம்.

அவன் எழுதியது இதுதான்: "கம்ப்ரஸர் நன்று. வேக்குவம் குழாய் ஒன்று, சவ்வு ஒன்று மாற்றம். வாயு எடை சரிசெய்யப்பட்டது. கூலியுடன் 450 திர்ஹம்." எழுதி, மேற்பார்வையாளர் மேசையில் வைக்காமல் நேரே பாஷ்முஹந்திஸ் கையில் கொடுத்துவிட்டான். நாம் திரும்பி வந்தபோது பணமும் கட்டியாகிவிட்டது.

அதன் விலையையும் அவன் கொடுத்தான் என்பதை மறைப்பதற்கில்லை. விசா புதுப்பிக்கப்பட்டது, பட்டறை முதலாளி ஆள் குறைவை எண்ணி இணங்கினார். ஆயின் அந்தக் குளிர்காலம் முழுதும் அவனை லாரிப் பிரிவில் ரேடியேட்டர் கழுவும் வேலைக்குத் தள்ளினார் மேற்பார்வையாளர். மேலதிக நேரச் சம்பளமும் நின்றது. தங்கையின் திருமணம் நான்கு மாதம் தள்ளிப்போயிற்று. ஊரில் சிலர், "ஒரு சீட்டில் எழுதியதற்கா இவ்வளவு? பிழைக்கத் தெரியாத பிள்ளை" என்றனர். தமக்கை நமக்குத் தொலைபேசியில், "அவன் எழுதியது சரிதானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரிதான் என்றோம். அதற்குமேல் அவர் பேசவில்லை. திருமணத்துக்கென வைத்திருந்த வளையல் இரண்டை அடகு வைத்ததைக்கூடப் பின்னர் பிறர் சொல்லித்தான் அறிந்தோம்.

நாம் 2019இல் ஊர் திரும்பினோம். தம்பி அடுத்த ஆண்டு அஜ்மானில் மலையாளி நண்பர் ஒருவரோடு கூட்டாகச் சிறு பட்டறை வைத்தான். சுவரில் ஒரு தராசும், ஒரு வெப்பமானியும் மாட்டியிருப்பதாகச் சொன்னான். பாஷ்முஹந்திஸ் 2021இல் குடும்பத்தோடு அலெக்ஸாந்திரியாவுக்குத் திரும்பும்போது காரை ஓர் இளைஞனுக்கு விற்றார். விற்கும்போது தம்பியின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். சென்ற கோடையில் அந்த இளைஞன் காரைக் கொண்டுவந்து, ஏ.சி. குளிரவில்லை, கேஸ் அடித்துத் தாருங்கள் என்று நின்றானாம்.

"எடுத்ததும் குளிர்ந்து பிறகு போகிறதா?" என்று கேட்டிருக்கிறான் தம்பி.

"இல்லை. சாலையில் ஓடும்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றால்தான் போய்விடுகிறது."

தம்பி கேஜைத் தொடவில்லை. முகப்பின் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். ரேடியேட்டருக்கு முன்னுள்ள தகடுகள் பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருந்தன.